டம்ளருக்கு ஒரு சட்டை

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூக்காரம்மா கத்தினார்.

"யம்மா! செருப்ப உட்டுட்டுப் போறியே, இன்னா அவசரம்?"

திரும்பினேன். என் இடதுகால் செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது. அது கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு பத்தடி நடந்ததும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். நான் எப்போதும் ஓடுகிறவள் என்பதால் பூக்காரம்மாவும் சிரித்தார்.

என் நோயை நான் முதலில் சந்தித்தது அப்படித்தான். பிறகு இருபத்து நான்கு நாள் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது எழுந்து நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிக் கதையைத்தான் சொல்கிறேன். முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் என் வாய்க்கும் ஓய்வு. கால் மரத்துப்போய், சத்துக் குறைவாக இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உபயோகமாகவும் இருக்கும்.

என் பெயர் ரேவதி. வயது நாற்பத்து மூன்று. பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பத்திரம் என் விரல் வழியாகப் போகும். நிலத்தின் நான்கு எல்லையையும் பார்க்காமலே அடிப்பேன். கணவர் சேகர் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். மகள் இலக்கியா பிளஸ் டூ. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சோறு வேகிற நேரத்தில் துணி மடிப்பேன், துணி மடிக்கிற நேரத்தில் போன் பேசுவேன்.

செருப்பு கழன்ற அன்று மாலை இரண்டு பாதமும் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தன. தெரு முனை கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். மறுநாள் பேருந்தின் படியில் கால் ஏறவில்லை. நடத்துநர் கைகொடுத்துத் தூக்கினார். அதற்கும் மறுநாள் சனிக்கிழமை, குளியலறையில் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வழுக்கவில்லை. மயக்கமும் இல்லை. எழுந்திரு என்று நான் சொன்னேன், கால் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

சேகர் நண்பர் ஒருவரின் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது தாகமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினேன். வழுக்கிக்கொண்டே போனது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நிற்கும் வரைக்கும் அந்த மூடியோடு போராடிக்கொண்டிருந்தேன். சேகர் திரும்பிப் பார்த்தார். பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். ரப்பர் வைத்த சிறு சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். நம் எல்லாருக்கும் அப்போது கால் தானாக ஒரு துள்ளு துள்ளும். எனக்கு மரக்கட்டையில் தட்டியது போல இருந்தது. இன்னொரு காலிலும் தட்டினார். கை மூட்டில் தட்டினார். பிறகு கேட்டார்:

"ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னால காய்ச்சல், பேதி ஏதாவது இருந்துச்சாம்மா?"

மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கிருமி வந்தால் அதை அடித்து விரட்ட உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருக்கு, கிருமி போன பிறகும் அந்தப் படை நிற்காமல் சொந்த நரம்பையே அடிக்க ஆரம்பித்துவிடும். கரண்ட் ஒயர் மேல் ரப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்பின் மேலும் ஓர் உறை உண்டு. அது அரிக்கப்பட்டால் மூளை சொல்கிற சேதி கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். கில்லன் பாரே என்று பெயர், சுருக்கமாக ஜி.பி.எஸ்.

"ஜி.பி.எஸ்ஸா? வண்டியில வழி பாக்கறமே, அதுவாங்க?" என்றார் சேகர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அது இல்லீங்க. மேல ஏறி மூச்சு விடற தசை வரைக்கும் வந்துட்டா மெஷின் வைக்கணும். அதுக்கு முன்னால நிறுத்தப் பாக்கறோம்."

அன்றும் மறுநாளும் சோதனைகள். ஒன்றில், கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளந்தார்கள். சுண்டி விடுகிற மாதிரி இருக்கும், தாங்கக்கூடியதுதான். இன்னொன்றில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்க்கச் சொல்லி, முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். வலியைவிட, அசையாமல் இரு என்றதுதான் எனக்குக் கஷ்டம். அசைய முடியாத உடம்புக்காரியிடம் அசையாதே என்று சொன்னால் எங்கிருந்துதான் அந்தத் தவிப்பு வருமோ, நெஞ்செல்லாம் ஓடு ஓடு என்றது.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைத்தது ஒரு காசு செலவில்லாத சோதனை. ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் நாள் முப்பத்தொன்று. மறுநாள் காலை இருபத்தாறு. பதினைந்துக்குக் கீழே போனால் ஐ.சி.யூ. என்று நர்ஸ் சேகரிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. யாரும் கேட்காதபோதும் எண்ணினேன். பக்கத்துக் கட்டிலில் முதுகு ஆபரேஷனுக்குக் காத்திருந்த செஞ்சிப் பக்கத்துப் பத்மாவதி அம்மா, நான் ஏதோ ஜெபம் செய்வதாக நினைத்துக்கொண்டு கைகூப்பினார்.

பெண்கள் வார்டில் ஆண்கள் துணைக்குத் தங்கக் கூடாது. சேகருக்குக் காலையும் மாலையும் பேருந்து. இலக்கியாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. திங்கட்கிழமை மதியம் சேகர் என் கட்டில் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தனத்துக்குப் போன் பண்ணேன். வந்துக்கினு இருக்குது."

தனம் அவருடைய தங்கை. என் நாத்தனார். நானும் அவளும் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன், தப்பு என்னுடையதுதான். தனத்தின் கணவர் ராணுவத்தில் இருந்தார். குன்னூர் பக்கம் குடியிருந்தார்கள். அவர் சாலை விபத்தில் போய் எட்டு மாதம் ஆனபோது இலக்கியாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். அத்தை முறைக்குத் தனம் சீர்த் தட்டோடு மண்டபத்துக்கு வந்தாள். என் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவசரம், ஆயிரம் வேலை. நான் நேராகப் போய், "தனம், தட்ட அவங்ககிட்டக் குடுத்துட்டு நீ கொஞ்சம் பின்னால நில்லு" என்று சொல்லிவிட்டேன். அவள் தட்டைக் கொடுத்தாள். பின்னால் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை தனம் வளவனூரிலிருந்து ஒரு கட்டைப் பையோடு வந்தாள். அங்கே ஒரு பேன்சி ஸ்டோரில் வேலை செய்கிறாள். என்னைப் பார்த்தாள். நலமா என்று கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பையை வைத்துவிட்டு, "எத்தினி மணிக்கு மாத்திர?" என்று நர்ஸிடம் கேட்டாள். அப்போது டாக்டர் வந்து என்னை எண்ணச் சொன்னார். பத்தொன்பது.

இரவு பதினேழு.

அன்றே மருந்து ஆரம்பித்திருந்தார்கள். பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு புரதம். அது உள்ளே போய் அந்தக் கெட்டுப்போன படையை அடக்கும். ஐந்து நாள், சொட்டுச் சொட்டாக. மருந்துப் பெட்டியின் விலையைக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டது. காப்பீட்டு அட்டையில் பெரும்பகுதி வரும் என்றார்கள். அதற்காகச் சேகர் ஒரு கையெழுத்துக்கு மூன்று ஜன்னல் ஏறி இறங்கினார். அதற்கு மேல் அந்தக் கணக்கை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் எண் பதினேழிலேயே நின்றது. மூன்றாம் நாள் பதினெட்டு. நான்காம் நாள் இருபத்தொன்று என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஆபத்து தாண்டிய பிறகுதான் உண்மையான பேஜாரு ஆரம்பித்தது. உடம்பு கட்டிலில் கிடந்தது. மனசு திண்டிவனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் அலுவலகத்தில் யார் உட்கார்ந்து அடிப்பார்கள், தாய்ப்பத்திர நம்பரைத் தப்பாகப் போட்டுவிடுவார்களோ, இலக்கியா சாப்பிட்டாளோ, மாடியில் போட்ட வடகம் என்ன ஆனதோ. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "தனம், கால மாத்தி வை" என்பேன். மாற்றி வைப்பாள். "தலகாணி." சரி செய்வாள். "ஃபேன் சத்தம் போடுது." அதற்கு அவள் என்ன செய்வாள்? அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பாள். எல்லாம் செய்தாள், பேச்சு மட்டும் கிடையாது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அந்த மௌனம் எனக்கு முதுகுவலியைவிட மோசமாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் கேன்டீன் காபி வரும். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பார்கள். தனம் ஆற்றி என் வாயில் வைப்பாள். பதினான்காம் நாள் அவள் துணி அலசப் போயிருந்தாள். காபி வந்தது. என்னால் காத்திருக்க முடியவில்லை. சாய்ந்து உட்காரத் தெரிந்துவிட்டது, கையும் முகம் வரை வருகிறது, இது கூடவா முடியாது? இரண்டு கையாலும் டம்ளரைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினேன். வாய் வரை போனது. நாக்குதான் சுட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டு நன்றாக இறுக்கிப் பிடித்து, ஊதி ஊதி முழுவதையும் குடித்தேன்.

தனம் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று விரலும் உள்ளங்கையும் செக்கச் செவேல் என்று இருந்தன. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் கொப்புளம் எழுந்திருந்தது.

"இன்னாங்கண்ணி இது? கூப்ட்டா இன்னா? இங்கதான இருக்கேன்?"

"ஒரு காபிக்கு உன்ன எத்தினி தடவ கூப்புடறது?"

"வேணும்னா கூப்புடுங்க. வேணான்னா பின்னால நிக்கச் சொல்லுங்க. எனக்குப் பழக்கம்தான?"

வார்டு முழுவதும் கேட்டது. பத்மாவதி அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பம் அவர்களுடையது. அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தனம் என் கையைக் குழாயடிக்குக் கொண்டு போக முடியாமல் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டு வந்து முக்கினாள். அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து என் மணிக்கட்டைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தண்ணீரின் குளிர்ச்சியும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சேகர் வந்திருந்த நேரத்தில் அவள் வளவனூருக்குப் போய்விட்டு வந்தாள். பையிலிருந்து ஒரு நீல உல்லன் நூல் உருண்டையையும் இரண்டு தடித்த பிளாஸ்டிக் ஊசிகளையும் எடுத்தாள். குன்னூரில் இருந்தபோது பக்கத்து வீட்டு ராணுவக் குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து பின்னக் கற்றிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

"எதுக்கு இது?"

"டம்ளருக்குச் சட்டை. இனிமே நீங்களே புடிச்சிக் குடிங்க. சுடாது, வழுக்காது."

பத்மாவதி அம்மா எட்டிப் பார்த்தார். "ஆட்டு ரோமமா அது?"

"இல்லம்மா. நைலான் மாதிரிதான். பாண்டிச்சேரி கடையில வாங்கனது."

"அப்ப சரி," என்று அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

தனம் பின்ன ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் எத்தனை நேரம் முடியும்? ஒரு வரிசை முடிவதற்குள், "குடு, நான் போடறேன்" என்றேன். அவள் நிமிர்ந்து என் விரல்களைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் கேட்டாள். பந்தை அமுக்குவதைவிட இது நல்லது, கொப்புளத்தில் கட்டு இருக்கட்டும் என்றார் அவர். நர்ஸ்தான், ஊசியால் குத்திக்கொண்டு ரத்தம் வந்தாலும் எனக்குத் தெரியாதே என்று கவலைப்பட்டார். பகலில் மட்டும், தனம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று முடிவானது. தனம் தான் பின்னியதை உருவி நூலாக்கிவிட்டு, வெறும் ஊசியை என் கையில் கொடுத்தாள்.

பின்னத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசியில் நூலை வளையம் வளையமாகக் கோத்து வைக்க வேண்டும், அதற்குக் கண்ணி என்று பெயர். எங்கள் கேன்டீன் டம்ளரைச் சுற்ற முப்பத்து நான்கு கண்ணி. பிறகு ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இன்னோர் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, புதுக் கண்ணியாக இழுத்து மறு ஊசிக்கு மாற்ற வேண்டும். ஊசியை முன்னாலிருந்து விட்டால் நேர், பின்னாலிருந்து விட்டால் மறு. இந்த இரண்டுதான் முழு வித்தையும். என் சட்டைக்கு நடுவில் ஆறு கண்ணி அகலத்தில் ஒரு முறுக்கு, அதன் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மறு கண்ணி, மிச்சமெல்லாம் நேர். திருப்பிப் போடும் வரிசையில் நடு ஆறு மட்டும் மறு.

"முறுக்கு எதுக்கு? வெறுமனே போட்டா ஆவாதா?"

"புடிக்கறதுக்கு மேடா இருக்கணும்ண்ணி. வெரல் அத ஒட்டிக்கினு நிக்கும்."

முப்பத்து நான்கு கண்ணி ஏற்ற ஒரு முழுக் காலை ஆனது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பத்திரம் அடித்த விரல்கள் இவை. விரல் நுனியில் நூல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை எடுத்தால் கண்ணி போயிற்று. இரண்டு தடவை ஊசியைத் தூக்கிப் போட்டேன். ஒரு தடவை அது பத்மாவதி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. தனம் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பின்னினேன்.

மதியத்துக்கு மேல் ஓர் அரைமணி நேரம் நான் காலை மாற்றி வைக்கச் சொல்லவே இல்லை. அதைக் கவனித்துச் சொன்னவர் பத்மாவதி அம்மா. "இன்னிக்கித்தான் இந்தப் பொண்ணு கொஞ்சம் குந்தவுட்டது உன்ன," என்றார் தனத்திடம்.

ஆறாவது வரிசையைத் தாண்டியதும் முறுக்கு வந்தது. நடு ஆறு கண்ணியில் முதல் மூன்றை வேறோர் ஊசியில் எடுத்து முன்பக்கம் தொங்கவிட வேண்டும். அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, தொங்குகிற மூன்றையும் பிறகு பின்ன வேண்டும். வரிசை மாறுவதால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். தொங்கவிடுவதற்கு என்று தனியாக ஒரு குட்டி ஊசி விற்கிறதாம். எங்களிடம் இல்லை. தனம் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அந்த மூன்று கண்ணியையும் அதில் கோத்தாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. நெற்றிப் பக்கம் நரைத்திருந்தது. என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

என் கண்ணும் கையும் வேலையில் இருந்தன. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"தனம், அன்னிக்கி மண்டபத்துல நான் சொன்னது தப்பு."

தனம் உருண்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் நூலை இழுத்துவிட்டாள்.

"யாரோ பேசறாங்கன்னு பயந்துட்டேன். உன்னப் பத்தி நெனைக்கவே இல்ல."

"கண்ணியப் பாத்துப் போடுங்கண்ணி. மூணாவது உருவுது."

குனிந்து அந்தக் கண்ணியைப் பிடித்தேன். அவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது. நான்கு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டால் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். தனம் என் காலை மாற்றி வைத்தாள், சாத்துக்குடி உரித்தாள், பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் இரண்டாவது முறுக்குக்காக நான் கொண்டை ஊசியைக் கேட்டபோது, கொடுத்துவிட்டுப் பேசினாள். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கி மண்டபத்துல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். தட்ட என் கையால குடுக்க உடலன்றது இல்லண்ணி. அலங்காரம் பண்ணி உக்கார வெச்சிருந்தாங்க இல்ல, இலக்கியா மொகத்த ஒரு தடவ கிட்டப் பாத்துட்டு வந்திருக்கலாமேன்னு வழியெல்லாம் நெனச்சிக்கினே போனேன். அவர் போனப்பறம் நான் ஆசையா பொடவ கட்டிக்கினு போன மொதல் எடம் அது."

ஊசி நின்றுவிட்டது.

"மன்னிச்சிட்டேன்னுல்லாம் சொல்ல வரல," என்றாள். "நீங்க பேச்ச எடுத்தீங்க, அதான் சொல்றேன். போடுங்க."

பின்னினேன். அன்று மாலை இலக்கியா வீடியோ காலில் வந்தாள். நான் போனைத் தனத்தின் பக்கம் திருப்பினேன். "அத்தே!" என்று அவள் கத்தியது வாசலில் நின்ற காவலாளிக்கே கேட்டிருக்கும். தனம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். முக்கால் மணி நேரம் திரும்பி வரவில்லை. எனக்குக் கால் வலித்தது. கூப்பிடாமல் இருந்தேன்.

இருபத்தெட்டு வரிசை, நான்கு முறுக்கு. முடிக்க ஐந்து நாள் ஆனது. மூன்றாவது முறுக்கில் முன்பக்கம் விட வேண்டியதைப் பின்பக்கம் விட்டு, கயிறு அந்த ஓரிடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழை என்றாலும் தாளை மாற்றுகிறவள் நான். பிரிக்கிறேன் என்றேன். தனம் பிடுங்கிக்கொண்டாள். "சும்மா இருங்கண்ணி, டம்ளருக்கு இன்னா பொண்ணா பாக்கப் போறோம்?" என்று சொல்லி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து டம்ளரில் மாட்டினாள். கொஞ்சம் இறுக்கமாக, நன்றாகக் கவ்விக்கொண்டது.

நான்கு மணிக்குக் காபி வந்தது. நீலச் சட்டை போட்ட டம்ளரை நானே எடுத்தேன். முறுக்கின் மேட்டில் விரல்கள் தங்கின. ஆடியது, ஆனால் விழவில்லை. பத்மாவதி அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன். அவர் தன் பயத்தையெல்லாம் விட்டுவிட்டு நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து நான்காம் நாள் டிஸ்சார்ஜ். வாக்கர் பிடித்து நான்கு தப்படி நடந்து காரில் ஏறினேன். அந்தச் சட்டையைத் தனத்திடம் நீட்டி, "நீ வெச்சுக்கோ. நான் போட்டது" என்றேன்.

"எனக்குச் சூடு தெரியுது. தெரியாதவங்க வெச்சிக்கினா போதும்," என்று என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எளிதாக இல்லை. நரம்பின் உறை ஒரு நாளைக்கு ஒரு துளி என்கிற மாதிரிதான் வளரும். படுத்தால் பாதத்தில் நெருப்பு, எழுந்தால் தள்ளாட்டம். ஒரு வேலையைத் தொடங்கி அரைகுறையாகச் சோர்ந்து உட்காருவேன். உட்கார்ந்ததும் எழத் துடிப்பேன். சேகரிடமும் இலக்கியாவிடமும் எரிந்து விழுந்த நாட்கள் அதிகம். இந்த நோயில் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னதை நான் நம்பாத நாட்களும் அதிகம். ஆனாலும் மூன்றாம் மாதம் வாக்கரை விட்டேன். ஐந்தாம் மாதம் அலுவலகத்துக்கு அரை நாள் போனேன். இப்போது ஒரு நாளைக்கு நான்கு பத்திரம் அடிக்கிறேன். இடது பாதம் இன்னும் தாமதமாகத்தான் சொன்னதைக் கேட்கிறது.

ஏழாம் மாதப் பரிசோதனைக்குச் சேகருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகவே பஸ் ஏறினேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தனம் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடி என்றார்கள். திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில் நின்றோம். பேசிக்கொண்டே டம்ளரை எடுத்தேன். "ஆ!" என்று கத்தி, பாதிக் காபியைத் தரையில் கொட்டிவிட்டேன். கடைக்காரர் பதறிப்போனார். தனம் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"சுட்டுதாண்ணி?"

"சுட்டுது தனம். நல்லாவே சுட்டுது."

அவள் கடைக்காரரிடம் இன்னொரு காபி சொன்னாள். சொல்லும்போதும் என் கையை விடவில்லை.

திண்டிவனம் பஸ் ஒரு பக்கம், வளவனூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் மறுபக்கம். அவளுடைய பஸ் முதலில் புறப்படத் தயாராக இருந்தது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

"ஒன்னு சொல்லணும்ண்ணி. இலக்கியா படிச்சி முடிச்சி எப்ப கல்யாணம் வந்தாலும் மேடையில நான் முன்னால நிப்பேன். யார் இன்னா பேசினாலும். நீங்க வேணான்னாலும் நிப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நடத்துநர் விசிலடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. பக்கத்தில் ஓடிப் போய்ச் சொல்ல எனக்குக் கால் இல்லை. அது வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, பையைத் துழாவிப் போனை எடுத்தேன். அவள் பெயரை அமுக்கப் போன விரல் இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுத்தாள்.

"தனம், நீதான் நிக்கணும். எனக்கு முன்னால நீ நிக்கணும்."

"சரிண்ணி," என்றாள். "மொதல்ல நீங்க பஸ்ஸுல ஏறுங்க. ஜன்னல் பக்கமா எடம் புடிங்க. உக்காந்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."